கூடாரம் நின்ற இடம்

1963ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டனின் இரண்டு பெரிய வேளாண் கண்காட்சிகள் ஊர் சுற்றுவதை நிறுத்திக்கொண்டன. இங்கிலாந்தின் ராயல் ஷோ, வார்விக்‌ஷயரில் கவென்ட்ரி நகருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோன்லீ பூங்காவில் நிரந்தரமாகக் கடைபோட்டது. வேல்ஸின் ராயல் வெல்ஷ் ஷோ, நாட்டின் நடுவே, வை ஆற்றின் கரையில், பில்த் வெல்ஸ் என்ற சிற்றூருக்கு எதிரே இருக்கும் லானெல்வெத் கிராமத்தில் நிலைகொண்டது. அதுவரை இரண்டுமே ஆண்டுக்கு ஓர் ஊர் என்று அலைந்தவை. நின்றதற்கான காரணமும் இரண்டுக்கும் ஒன்றுதான். மூன்று நான்கு நாள் நிகழ்ச்சிக்காக ஒரு சிறு நகரத்தையே வயல்வெளியில் எழுப்பி, முடிந்ததும் அத்தனையையும் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகவில்லை. நிலையான சாலை, வடிகால், மின்சாரம், ஓடு வேய்ந்த மாட்டுக் கொட்டகை எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் செலவு குறையும் என்று இரண்டு சங்கங்களும் கணக்குப் போட்டன.

அந்த ஆண்டில் யாரையாவது நிறுத்தி எது நீடிக்கும் என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் ஸ்டோன்லீயைக் கைகாட்டியிருப்பார்கள். பணம், மக்கள்தொகை, நெடுஞ்சாலை, பெரும் பண்ணைகள், 125 வயதான சங்கம் எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மலை, மழை, செம்மறியாடு. ஆனால் ராயல் ஷோ 2009 ஜூலையோடு முடிந்துபோனது. லானெல்வெத்தில் இன்றும் ஜூலைக் கடைசியில் நான்கு நாட்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கும் பில்த் வெல்ஸில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

இதற்கு விடை தேட, கண்காட்சி என்ற ஏற்பாடு எதற்காகத் தொடங்கியது என்பதிலிருந்து பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லெஸ்டர்ஷயரின் டிஷ்லி பண்ணையில் ராபர்ட் பேக்வெல் என்ற குத்தகை விவசாயி ஆடுமாடுகளை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து, தான் விரும்பிய உடல்வாகை நிலைப்படுத்திக் காட்டினார். அவருடைய புதிய லெஸ்டர் செம்மறி சீக்கிரம் வளர்ந்தது, சீக்கிரம் கொழுத்தது. கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் பண்ணையைச் சுற்றிப் பார்த்து, கிடாக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வாய்விட்டு விவாதித்தார்கள். கண்காட்சியின் விதை அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். நார்ஃபோக்கின் ஹோக்கமில் தாமஸ் வில்லியம் கோக்கும், பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்னில் பெட்ஃபோர்டு கோமகனும் ஆண்டுதோறும் கம்பளி கத்தரிக்கும் நாட்களைப் பெரும் கூட்டமாக ஆக்கினார்கள். ஆட்டைப் பார்ப்பது, கலப்பையைப் பார்ப்பது, பயிர்ச் சுழற்சி பற்றிப் பேசுவது, நிலக்கிழாரின் செலவில் வயிறார உண்பது என்று நாட்கள் போயின. ஹோக்கம் கூட்டங்கள் 1821 வரை நடந்தன.

நிலக்கிழார்களின் இந்தத் தாராளம் வெறும் பெருந்தன்மை இல்லை. குத்தகைதாரரின் விளைச்சல் கூடினால் குத்தகையைக் கூட்டலாம். மேல்தட்டின் புதுமை கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டும், அதற்குப் போதனையைவிடக் காட்சி பலனளிக்கும் என்பது அவர்களின் கணிப்பு.

காட்சி தன் போக்கில் வேறு வேலையும் செய்தது. டர்ஹம் மாவட்டத்தின் கெட்டன் பண்ணையில் சார்லஸ் காலிங் என்பவரிடம் 1796இல் பிறந்த ஓர் எருது, ‘டர்ஹம் எருது’ என்ற பெயரில் நாடெங்கும் புகழ்பெற்றது. அதற்கென்றே செய்த வண்டியில் ஏற்றி 1801 முதல் 1807 வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகக் காட்டினார்கள். உழவுக்கோ இனப்பெருக்கத்துக்கோ உதவாத, காயடித்த பிராணி அது. வெறுமனே பிரம்மாண்டமாக இருந்ததற்காக மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இடுப்பு மூட்டு விலகி எழ முடியாமல் போக, அறுத்துவிட்டார்கள். அதே காலிங்கின் ‘காமெட்’ என்ற பொலிகாளை 1810இல் ஆயிரம் கினிக்கு விலைபோனது. ஒரு காளைக்கு அந்த விலை கிடைத்தது அதுவே முதல்முறை.

கொழுப்பு மீது அந்தக் காலத்துக்கு இருந்த மோகத்தை இன்றைய கண்ணோடு பார்த்துச் சிரிப்பது சுலபம். மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் மாட்டுக்கொழுப்பு வேண்டியிருந்தது. நாளெல்லாம் உடல் வருத்தி உழைத்தவருக்கு மலிவான கொழுப்பிறைச்சி வலுவான உணவு. ஆகவே சதைப்பற்றுக்கு விலை இருந்தது. ஆனால் அந்த விலையைத் தாண்டி, பார்வைக்காகவே கொழுக்கவைக்கும் போட்டி தலையெடுத்தது. ஓவியர்களை அழைத்து, சிறு தலையும் குச்சிக் கால்களும் கொண்ட சதுரப் பெட்டியாக மாடுகளை வரையச் சொன்னார்கள். மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பெவிக் தன் நினைவுக்குறிப்பில் இதைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருக்கிறார். கொழுப்பே தென்படாத இடங்களிலெல்லாம் கொழுப்பு மேடுகளை வரையும்படி தன்னிடம் சொன்னதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும், வேறு ஓவியர்கள் சம்மதித்ததாகவும். பண்ணையாளர் விரும்பிய மாடு முதலில் தாளில் பிறந்தது. உயிருள்ள மாடு அதை எட்டிப்பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்து வேளாண் சங்கம் 1838இல் உருவானது. அதற்கான யோசனையை மூன்றாம் ஸ்பென்சர் பிரபு முந்தைய டிசம்பரில் ஸ்மித்ஃபீல்டு மன்றத்தின் விருந்தில் வைத்துச் சொன்னார். அந்த மன்றம் 1798இல் தொடங்கி, லண்டனில் கொழுத்த கால்நடைகளுக்குப் பரிசு கொடுத்துவந்த அமைப்பு. புதிய சங்கம் கொழுப்போடு நிற்க விரும்பவில்லை. நடைமுறையையும் அறிவியலையும் சேர்ப்போம் என்பது அதன் முழக்கம். 1840இல் விக்டோரியா அரசியின் சாசனம் கிடைத்தது, பெயரில் ‘ராயல்’ சேர்ந்தது. ஒரு கட்டுப்பாட்டையும் சங்கம் ஏற்றுக்கொண்டது: கூட்டங்களில் அரசியல் பேசக்கூடாது. தானிய இறக்குமதி வரி பற்றி நாடே இரண்டுபட்டுக் கிடந்த காலம் அது. நிலக்கிழார், குத்தகைதாரர், கருவி செய்பவர், வேதியியலாளர் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க வேண்டுமானால் வரியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே வழி என்று கருதினார்கள். விவேகமான முடிவுதான். ஆனாலும் இந்த மௌனம் பின்னால் நம் கேள்வியோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் கண்காட்சி 1839 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. யார்க்‌ஷயரின் தாமஸ் பேட்ஸ் தன் ஷார்ட்ஹார்ன் மாடுகளை அத்தனை தூரம் கொண்டுவந்து பரிசுகளை அள்ளிச் சென்றார். விருந்தில் அமெரிக்க அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் உரையாற்றினார். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு நகரம். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து முறைவைத்துக்கொண்டார்கள். எந்த நகரம் நிலமும் தண்ணீரும் பணமும் தருகிறதோ அங்கே கூடாரம். நகரங்கள் போட்டிபோட்டு அழைத்தன. ஒரு வட்டாரத்துக்குக் கண்காட்சி வரும்போது அந்த ஊர்ப் பிரமுகர்கள் குழுவில் சேர்ந்தார்கள், அந்த மண்ணின் மாட்டினத்துக்குத் தனிப்பரிசு வைத்தார்கள். சிறு விவசாயி தன் வாழ்நாளில் ஒருமுறையாவது நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் ராயல் ஷோ வந்தது. இருப்புப்பாதை பரவியபோது இது இன்னும் எளிதானது. சிறு பட்டறை அளவில் இருந்த கலப்பைக் கொல்லர்கள் தேசிய வணிகர்களாக வளர்ந்தது இந்தச் சுற்றுப்பயணத்தின் முதுகில் ஏறித்தான்.

கருவிகளின் விஷயத்தில் சங்கம் உண்மையிலேயே அறிவியலுக்கு நேர்மையாக இருந்தது. கலப்பை அழகாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இழுவிசைமானியைக் குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவே பூட்டி, ஒரே மண்ணில், ஒரே ஆழத்தில் எது குறைந்த இழுப்பில் உழுகிறது என்று அளந்தார்கள். 1841இல் லிவர்பூல் கண்காட்சியில் ரான்சம் நிறுவனம் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக்கூடிய நீராவி இயந்திரத்தைக் காட்டியது. நீராவியால் குறைந்த செலவில் உழுது காட்டுபவருக்கு 500 பவுண்டு என்று சங்கம் அறிவித்திருந்த பரிசை 1858இல் செஸ்டர் நகரில் ஜான் ஃபவுலர் வென்றார். அவருடைய ஏற்பாட்டில் கனமான இயந்திரம் வயலின் ஓரத்திலேயே நிற்கும், கம்பிவடம் கலப்பையை இங்குமங்கும் இழுக்கும். இயந்திரத்தின் பாரம் உழுத மண்ணை அமுக்காது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகின் பெரும் பண்ணைகளில் இந்த முறை ஓடியது.

‘காட்டினால் மாறிவிடுவார்கள்’ என்ற இதே நம்பிக்கை கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1860களில், சைதாப்பேட்டையில் தொடங்கிய அரசுப் பண்ணையின் நோக்கம், ஆங்கிலேயக் கருவிகளையும் செயற்கை உரத்தையும் இங்குள்ள உழவர்களுக்குக் காட்டுவது. உழவர்கள் மாறவில்லை. அந்தப் பண்ணையை ஒட்டி எழுந்த வேளாண் பள்ளி பின்னர் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து இன்றைய பல்கலைக்கழகமாக வளர்ந்தது வேறு கதை. இதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. 1889இல் இந்திய வேளாண்மையை எப்படி மேம்படுத்தலாம் என்று ஆராய அனுப்பப்பட்டவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். ராயல் வேளாண் சங்கத்தின் ஆலோசனை வேதியியலாளர் அவர். ஓராண்டுக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893இல் அவர் வெளியிட்ட அறிக்கை, இந்திய உழவரைப் பின்தங்கியவர் என்பது தவறு என்றது. நல்ல உழவர் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சமம், சில வகையில் மேல். குறை அவர் அறிவில் இல்லை, தண்ணீரும் எருவும் கிடைக்காததில் இருக்கிறது என்றும் எழுதினார். கண்காட்சிச் சங்கத்தின் ஆளே, காட்டுவதால் மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்த ஆவணம் அது.

கலப்பையை மானி அளந்தது. மாட்டை அளந்தது நடுவரின் கண்ணும் கையும். இன்றும் அப்படித்தான். வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் தலைக்கயிற்றைப் பிடித்து மாடுகளை வளையத்தில் மெல்ல நடத்துவார்கள். பல இனங்களுக்கு ஒரே ஒரு நடுவர். சுற்றிவருவார், தள்ளி நின்று நடையைப் பார்ப்பார், அருகில் வந்து முதுகெலும்பின் இருபுறமும் விரலை அழுத்திச் சதையின் கனத்தை உணர்வார். வரிசையை இரண்டு மூன்று முறை மாற்றுவார். பிறகு முதுகில் ஒரு தட்டு. முதல் பரிசுக்குப் பிரிட்டனில் சிவப்பு ரிப்பன். அமெரிக்காவில் அதே இடத்துக்கு நீலம். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. தோற்றவர் கைகுலுக்கிவிட்டு, கொட்டகைக்குத் திரும்பியதும் நடுவரைத் திட்டுவார்.

வளையத்துக்கு வருமுன் நடக்கும் ஒப்பனை தனிக் கலை. மாட்டைக் குளிப்பாட்டி, காற்றூதியால் உலர்த்தி, மயிரைச் சீவி நிமிர்த்தி, முதுகுக்கோடு தட்டையாகத் தெரியும்படி கத்தரிப்பார்கள். வாலின் குஞ்சத்தை உப்பலாகச் சீவி விடுவார்கள். செம்மறிக்குக் கம்பளியை நாட்கணக்கில் கத்தரித்துக் கத்தரித்து, உள்ளிருக்கும் உடல் எப்படியிருந்தாலும் வெளியில் செங்கல் போன்ற வடிவத்தைக் கொண்டுவருவார்கள். சில இனங்களுக்கு நிறம் தோய்ப்பதும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள நடுவர் கண்ணை நம்பாமல் கம்பளிக்குள் கையை விடுகிறார்.

இந்தக் கண்ணுக்கு ஒரு பெரிய அதிகாரம் இருந்தது. வென்ற காளையின் வித்துக்கு விலை ஏறும். அதன் கன்றுகள் நாடெங்கும் பரவும். பத்துப் பதினைந்து ஆண்டில் ஓர் இனத்தின் உடல்வாகே நடுவர்களின் ரசனைக்கு வளைந்துவிடும். ரசனை தவறினால் இனமே கெடும். சங்கம் தொடங்கிய காலம் முதலே, பரிசு மாடுகள் அளவுக்கு மீறிக் கொழுத்துச் சினைபிடிக்க முடியாமல் போகின்றன என்ற புகார் ஓயவில்லை. இதைவிட மோசமான பாடம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்தது. குட்டையான, தரையை ஒட்டிய, கச்சிதமான மாட்டிறைச்சி இனங்களே அழகு என்று வளையங்கள் தீர்மானித்தன. ஹியர்ஃபோர்டும் ஆபர்டீன் ஆங்கஸும் ஆண்டுக்காண்டு குறுகின. வளர்ந்த ஆண்மகனின் இடுப்புக்கச்சை உயரத்துக்குக்கூட எட்டாத காளைகள் பரிசு வாங்கின. அமெரிக்காவின் ஹியர்ஃபோர்டு மந்தைகளில் 1940களின் கடைசியிலிருந்து குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. மூச்சுவிடவே திணறும் கன்றுகள். காரணம் ஒடுங்கிய மரபணு ஒன்று. அதன் ஒரே ஒரு பிரதியைச் சுமந்த காளைகள் சற்றே கச்சிதமாகத் தெரிந்தன. நடுவர்கள் அந்தக் கச்சிதத்தைத்தான் தேடித் தேடிப் பரிசளித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்பெற்ற வம்சங்கள் பல இதனால் கைவிடப்பட்டன.

பிரிட்டனில் தெளிவு வேறு வழியில் வந்தது. 1961இல் பிரான்சிலிருந்து 26 ஷரோலே காளைகளை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. உள்நாட்டு இனச் சங்கங்கள் கொதித்தன. ஆனால் பால்மாட்டோடு சேர்த்துக் கலப்பினம் எடுத்தவர்களுக்கு எடை மேடையில் தெரிந்த எண் போதுமாக இருந்தது. பெரிய, கொழுப்புக் குறைந்த, வேகமாக வளரும் கன்றுகள். இன்று பிரிட்டிஷ் வளையங்களில் ஷரோலேயும் லிமூசினும் இல்லாத கண்காட்சியைக் கற்பனை செய்ய முடியாது. வளையம் தானே திருந்தவில்லை, சந்தை திருத்தியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்போது ஒவ்வொரு பொலிகாளைக்கும் கன்று ஈனும் எளிமை, வளர்ச்சி, பால், இறைச்சித் தரம் பற்றிய மதிப்பீட்டு எண்கள் கணினியில் கிடைக்கின்றன. காளை வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்துக் காசோலை எழுதலாம். அப்படியானால் வளையம் எதற்கு?

எதற்கு என்று கேட்க வைத்த மற்றொன்று நோய். பல பண்ணை மாடுகளை ஓரிடத்தில் கூட்டினால் நோயும் கூடும். கோமாரி பிரிட்டனில் முதன்முதலாகத் தென்பட்டது 1839 ஆகஸ்டில், முதல் ராயல் ஷோ முடிந்த அடுத்த மாதம். தொடர்பு எதுவும் இல்லை, காலம் மட்டும் விபரீதமாக ஒத்துப்போனது. 1865இல் வெளிநாட்டு மாடுகளோடு கப்பலில் வந்த வெக்கை நோய் லட்சக்கணக்கான மாடுகளை வாரிக்கொண்டு போனது. 1866இல் ராயல் ஷோ நடக்கவில்லை. 2001 பிப்ரவரியில் எசெக்ஸ் மாவட்ட இறைச்சிக்கூடம் ஒன்றில் தெரியவந்த கோமாரி நாடு முழுதும் பரவ, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை அழித்தார்கள். அந்தக் கோடையில் ராயல் ஷோவும் இல்லை, ராயல் வெல்ஷும் இல்லை. அதன் பிறகு வந்த விதிப்படி, பண்ணைக்கு ஒரு மாடோ ஆடோ உள்ளே வந்தால் ஆறு நாட்களுக்கு, இறைச்சிக்கு அனுப்புவதைத் தவிர, மாடும் ஆடும் வெளியே போகக்கூடாது. கண்காட்சிக்கு அடுத்தடுத்து மாட்டைக் கொண்டுபோக வேண்டுமானால் பண்ணையிலேயே தனிமைக் கொட்டில் வைத்து அனுமதி வாங்க வேண்டும். சிறு விவசாயிக்கு இது பெரும் தொந்தரவு.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1879இல் லண்டன் கில்பர்னில் நடந்த ராயல் ஷோ சேற்றில் மூழ்கி நட்டத்தில் முடிந்தது. 2012இல் ஹாரகேட்டின் கிரேட் யார்க்‌ஷயர் ஷோவை முதல் நாளோடு மூட நேர்ந்தது. ஆங்கிலேயக் கோடை அப்படித்தான்.

ஆகவே ஸ்டோன்லீ ஏன் விழுந்தது என்றால் நோயும் மழையும் என்று சொல்லிவிடலாம். பலர் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. அதே நோய், அதே மழை வேல்ஸுக்கும் வந்தது. இன்னொரு விளக்கம் கூடுதல் வலுவுள்ளது. கருவி விற்கும் நிறுவனங்கள் ராயல் ஷோவின் முதுகெலும்பு. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாங்கும் விவசாயி எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துவிட்டார். அவருக்குப் பலூன் விற்பவர்களுக்கும் குதிரை தாண்டும் போட்டிக்கும் நடுவில் இயந்திரம் தேட நேரமில்லை. தானியப் பயிருக்கு ஒரு நிகழ்ச்சி, பாலுக்கு ஒன்று, புல்லுக்கும் எருவுக்கும் ஒன்று, பண்ணை இயந்திரங்களுக்கு ஒன்று என்று தனித்தனி வணிகக் கூடல்கள் முளைத்தன. நிறுவனங்கள் அங்கே போயின. 1838இல் சங்கம் எதற்காகப் பிறந்ததோ, அந்தக் கற்பிக்கும் வேலையை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கூட்டம். அந்தக் கூட்டம் யாருடையது என்பதில்தான் ஸ்டோன்லீ தடுமாறியது. வார்விக்‌ஷயர்க்காரர் அதைத் தம்முடையது என்று கொண்டாடவில்லை, அது தேசத்துடையதாயிற்றே. கார்ன்வாலின் விவசாயிக்கும் நார்தம்பர்லாந்தின் விவசாயிக்கும் சொந்த மாவட்டக் கண்காட்சி இருந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டு வாசலுக்கு வந்த ராயல் ஷோ 1963க்குப் பிறகு வரவில்லை. சுற்றுவதை நிறுத்தியதில் மிச்சமானது கூடாரச் செலவு. போனது, அதைத் தம் ஊருக்கு அழைத்து, அலங்கரித்து, பந்தி பரிமாறிய கைகள்.

இடம் நிலைத்ததே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்காட்லாந்தின் ராயல் ஹைலேண்ட் ஷோ 1960 முதல் எடின்பரோ விமான நிலையத்தை ஒட்டிய இங்கிலிஸ்டனில் நிலைத்து நன்றாகவே நடக்கிறது. கிரேட் யார்க்‌ஷயர் 1951 முதல் ஹாரகேட்டில் இருக்கிறது, ஒரு மாவட்டத்தின் பெருமிதமே அதன் சோறு. லானெல்வெத்தில் செய்தது இன்னும் நுட்பமானது. 1904இல் அபெரிஸ்ட்வித்தில் தொடங்கி, பின்னர் வடக்கும் தெற்குமாக அலைந்த கண்காட்சி, கூடாரத்தை ஓரிடத்தில் நட்டுவிட்டுச் சுற்றை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு மாவட்டம் பொறுப்பேற்கும். அந்த ஆண்டின் தலைவர் அந்த மாவட்டத்துக்காரர். நிதி திரட்டுவதும் அவர்கள்தான். டிராக்டர் ஊர்வலம், பாட்டுக் கச்சேரி, தேவாலயக் கூடத்தில் விருந்து, ஏலம் என்று ஓராண்டுக்கு மேலாக ஒவ்வொரு கிராமத்திலும் அதே பேச்சு. 2024இல் கெரெடிகியானின் முறை. ஒரு மாவட்டத்துக்கு முறை திரும்பிவரப் பன்னிரண்டு ஆண்டு அளவில் ஆகிறது. இருபது வயதில் கூடாரத்துக்கு நாற்காலி தூக்கியவர், முப்பதைத் தாண்டியதும் குழுவில் உட்காருவார். மக்கள் கண்காட்சிக்குப் போகிறார்கள் என்பதைவிட, முறைவைத்து அதை நடத்துகிறார்கள் என்பதே பொருத்தம். இதை அமைப்பு நுட்பம் என்று பார்க்கிறேன். மலைநாட்டுப் பாசம் என்று பெருமூச்சு விடுவது சோம்பலான விளக்கம்.

இதோடு மொழி சேர்கிறது. அறிவிப்புகள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வரும். வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சி நாள் முழுக்க அங்கிருந்து ஒளிபரப்புகிறது. அன்றாடம் வெல்ஷ் பேசும் தொழில்களில் வேளாண்மைக்கு முக்கிய இடம் உண்டு. அந்த மொழி கடைவீதியில் கூச்சமில்லாமல் புழங்கும் பெரிய இடங்களில் இந்த மைதானமும் ஒன்று. வளையத்தில் உச்சம் வெல்ஷ் காப் குதிரைகளின் நாள். உழவுக்கும் பால் வண்டிக்கும் ஞாயிறு தேவாலயத்துக்கும் ஒரே குதிரை என்று மலைப்பண்ணைகள் வைத்திருந்த இனம் அது. அந்த வேலைகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. பொலிக்குதிரை முழங்காலை உயர்த்தி ஓட, பிடித்திருப்பவர் கூடவே தலைதெறிக்க ஓடுவார். கூட்டம் கால்பந்து மைதானம் மாதிரி கத்தும். பொருளாதாரக் கணக்கில் அந்தக் குதிரைக்கு இன்று இடமே இல்லை. வளையத்தில் அதற்குத்தான் முதல் மரியாதை.

கம்பளி கத்தரிக்கும் போட்டிக்கும் அதே கூட்டம். 1994இலும் 2010இலும் உலகப் போட்டியே இங்கு நடந்தது. வேகம் மட்டும் கணக்கில்லை. ஒரே இடத்தை இரண்டுமுறை வெட்டிக் கம்பளியைத் துண்டாக்கினாலோ, தோலில் கீறல் விழுந்தாலோ புள்ளி கழியும். கம்பளியின் விலை சில ஆண்டுகளில் கத்தரிப்புக் கூலிக்கே போதாது. கத்தரிக்காமல் விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். ஆகவே கத்தரித்தே ஆக வேண்டும். நட்டத்துக்குச் செய்யும் வேலையைக் கலையாக்கிப் போட்டி வைத்திருக்கிறார்கள்.

ராயல் வேளாண் சங்கம் தொடக்கத்தில் கழற்றிவைத்த அரசியல், லானெல்வெத்தில் முன்வாசல் வழியாகவே வருகிறது. அமைச்சர்கள் வராமல் இருக்க முடியாது. வந்தால் விவசாயச் சங்கங்களின் கூடாரத்தில் நின்று பதில் சொல்லாமல் போகவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, அங்கிருந்து வந்த மானியத்துக்குப் பதிலாக வேல்ஸ் அரசு வகுத்த புதிய திட்டத்தில், பண்ணை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மரங்களின் நிழலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மேய்ச்சல் நிலத்தை வைத்தே பிழைப்பவர்களுக்கு அது அடிவயிற்றில் விழுந்த அடி. திட்டத்தால் 5,500 வேலைகள் போகலாம் என்று அரசின் சொந்த ஆய்வே மதிப்பிட்டிருந்தது. 2024 மார்ச்சில் கார்டிஃப் நாடாளுமன்றப் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்களை வரிசையாக வைத்துப் போராடினார்கள். திட்டம் தள்ளிப்போனது. 2025 ஜூலையில், அந்த ஆண்டுக் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, மர நிபந்தனையைக் கைவிட்டுத் திருத்திய வடிவத்தை அரசு வெளியிட்டது. அமைச்சர் மைதானத்துக்கு வெறுங்கையோடு போக விரும்பவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

அதே 2025இல் இங்கிலாந்தில் பரவிய நீலநாக்கு நோய் காரணமாக எல்லைக்கு அப்பாலிருந்து மாடுகளும் செம்மறிகளும் லானெல்வெத்துக்கு வர முடியவில்லை. பரிசுக்கான போட்டியாகப் பார்த்தால் தரம் குறைந்த ஆண்டு. இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளுடைய மந்தைகள் இல்லாததால், வழக்கமாக வரிசையின் கடைசியில் நிற்கும் உள்ளூர்ப் பண்ணைகள் சிவப்பு ரிப்பன் வாங்க வாய்ப்பு வந்தது. நோய்க் கட்டுப்பாடு இனி ஆண்டுதோறும் வரும் விருந்தாளியாகலாம். அந்த நோயைக் கடித்துப் பரப்பும் கொசு போன்ற சிறு பூச்சிக்கு, வெப்பம் கூடும் கோடைகள் சாதகமாக இருக்கின்றன. மாடே இல்லாமல் ஒரு கண்காட்சி நடத்த நேர்ந்தால் கூட்டம் வருமா என்று கேட்டால், லானெல்வெத்தைப் பொறுத்தவரை வரும் என்றுதான் என் கணிப்பு. ஸ்டோன்லீயில் மாடு, டிராக்டர், மைதானம் எல்லாம் இருந்தன. பூங்காவின் ஊடாக இப்போது அதிவேக ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.